மலை ஊருக்கு அரசு சோலார்: வீட்டுக் கூரைக்கா, குடிநீர் மோட்டாருக்கா, ஊர்ப் பொதுவுக்கா?

"வருஷத்துக்கு ஒரு விஷயம்தான் எங்களால அழுத்திக் கேக்க முடியும். அந்த ஒண்ணு எதுன்னு சொல்லுங்கண்ணா." ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தின் மகளிர் குழுவிலிருந்து வந்த கேள்வி இது. ஊரில் மூன்று விதமாகப் பேச்சு ஓடுகிறது. வீட்டுக்கு வீடு சோலார் போட மானியம் வாங்கிவிடலாம் என்கிறார்கள் படித்த பிள்ளைகள். குடிதண்ணீர் மோட்டார் ஒழுங்காக ஓடினால் போதும் என்கிறார்கள் வீட்டுப் பெண்கள். ஊருக்கே பொதுவாக ஒரு நிலையம் வைத்து மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கலாம் என்று சேலத்திலிருந்து வந்த ஒருவர் ஆசை காட்டிவிட்டுப் போயிருக்கிறார். வாழவந்தி, செம்மநத்தம் பக்கமிருந்தும் ஏறக்குறைய இதே கேள்விதான் வருகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையின் பெரும்பாலான ஊர்களுக்கு முதலில் கேட்க வேண்டியது குடிநீர் மோட்டாருக்கும் பொதுக் கட்டடங்களுக்குமான சோலார்தான். வீட்டுக் கூரைத் திட்டம் நல்ல திட்டம். ஆனால் அது மின்கட்டணம் கட்டுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது. மலையில் ஏழைக் குடும்பம் மின்சாரத்துக்குப் பணமாகக் கட்டுவதில்லை. குடம் சுமக்கிற தோளாலும், இருட்டில் நடக்கிற காலாலும், தடுப்பூசிக்காக ஏற்காட்டுக்கோ சேலத்துக்கோ போய் இழக்கிற கூலியாலும் கட்டுகிறது. அந்தச் செலவைக் குறைக்கிற இடத்தில்தான் அரசுப் பணம் முதலில் விழ வேண்டும்.

## பணம் எந்த வழியில் வருகிறது

மத்திய அரசு 2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய். பழங்குடி ஊர்களுக்கென்று 2024 அக்டோபர் 2 அன்று தர்தி ஆபா இயக்கம் தொடங்கியது. 79,156 கோடி ரூபாய் மதிப்புள்ள அந்த இயக்கத்தில் வீடு, சாலை, குடிநீரோடு சோலாரும் ஒரு பகுதி. கம்பி போக முடியாத வீடுகளுக்கு பேட்டரியோடு கூடிய தனி சோலார், பொதுக் கட்டடங்களுக்கு சோலார் என்று இரண்டுக்கும் இடமுண்டு. பழங்குடியினருக்கான மாநில அரசின் 'தொல்குடி' திட்டத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு 1,000 கோடி அறிவித்தார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்று 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சேலம் மாவட்டத்து மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 'மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்' என்று வைத்திருக்கும் ஆறு பிரிவில் அவர்கள் வரமாட்டார்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருக்கு மட்டும்தான் அது. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமர் ஜன்மன் திட்டம் தமிழ்நாட்டில் அந்த ஆறு பிரிவினருக்கானது. எனவே "ஜன்மன்ல வீட்டுக்கு சோலார் குடுக்கறாங்களாமே" என்று கேட்டுப் போனால் திரும்பித்தான் வர வேண்டும். கேட்க வேண்டியது தர்தி ஆபா பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று. பழங்குடியினர் நலத் திட்ட அலுவலகத்திலோ ஏற்காடு ஒன்றிய அலுவலகத்திலோ கேட்டால் தெரிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது. சொந்த வீடு, சொந்தப் பெயரில் மின் இணைப்பு, கட்டுவதற்கு ஒரு கட்டணம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் கிடைக்கும் என்றால், காபித் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கும் கூலிக் குடும்பம் முதல் வரியிலேயே வெளியே போய்விடும். கூரை தோட்டத்துக்காரருடையது. மீட்டரும் அவருடையது.

இரண்டாவது, கரண்ட் போனபோது ஓடுமா என்பது. மலையில் இது பெரிய விஷயம். காற்றடித்து ஒரு சில்வர் ஓக் கிளை கம்பிமேல் விழுந்தால், வழி சரியாகி லைன்மேன் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, ஐந்தாம் வருடம் யார் செலவு செய்வார்கள். சோலார் தகடு 25 வருடம் உழைக்கும். தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் ஏறக்குறைய பத்து வருடம். சாதாரண ஈய பேட்டரி மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான். 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 300 சதுர அடி வீடு, ஆரம்பத்தில் 1.80 லட்சம் ரூபாய், அதில் 30,000 சோலாருக்கு, ஐந்து சிஎஃப்எல் விளக்கு. எண்ணம் அருமையானது. அந்த வீடுகளில் எத்தனை இடத்தில் கூரைமேல் தகடு மட்டும் நிற்க, உள்ளே பேட்டரி செத்துப் போய், விளக்குகள் வாரிய இணைப்புக்கு மாற்றப்பட்டிருக்கின்றன என்று உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். தகடு கெட்டுப் போகவில்லை. பேட்டரி மாற்றக் காசு யாருடையது என்று முதல் நாளே யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் வெயில். சேலத்தில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நாலு யூனிட்டுக்குக் குறையாமல் கொடுக்கும். 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகையில் பனிமூட்டம் பகலெல்லாம் இறங்காத நாட்களில், அதே தகடு பாதிகூடத் தராது. மரநிழல் வேறு. தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தால் அதோடு தொடராக இணைத்த தகடுகளின் மின்சாரமும் சேர்ந்து இறங்கும். காபிக்கு நிழல் வேண்டும், தகட்டுக்கு நிழல் ஆகாது. இரண்டும் ஒரே ஊரில் இருக்கின்றன.

கடைசியாக, அறிவிப்புக்கும் கையில் வந்த பொருளுக்கும் உள்ள தூரம். அமெரிக்காவில் 2021 ஜனவரியில், தூய ஆற்றல் போன்ற அரசு முதலீடுகளின் பலனில் 40 சதவீதம் பின்தங்கிய பகுதிகளுக்குப் போக வேண்டும் என்று ஆணை போட்டார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு சோலார் கொடுக்க 700 கோடி டாலர் திட்டமும் வந்தது. 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் ஆணை ரத்து. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த சோலார் திட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய நாட்டிலேயே அப்படி. ஆகவே ஒதுக்கீடு எவ்வளவு என்பதோடு, சாமான் எந்த மாதம் மலை ஏறும், யார் பெயரில் பதிவாகும் என்பதையும் கேட்டாக வேண்டும்.

## வீட்டுக் கூரை சோலார்

மானியக் கணக்கு எளிது. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 50,000 என்று அரசு ஒரு விலை வைத்து, அதில் 60 சதவீதம் தருகிறது. சந்தை விலை அதற்கு மேலேயும் போகும். மலைக்கு ஏற்றும் வண்டிக் கூலி தனி.

சேலத்தில் பேர்லேண்ட்ஸிலோ அழகாபுரத்திலோ ஏசி ஓடுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி சுமார் 2,900 ரூபாய் வரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 480 யூனிட் உற்பத்தியாகும். கட்டணத்தில் பெரும்பகுதி போய்விடும். மானியம் போகக் கைக்காசு 40,000இலிருந்து 80,000 வரை ஆனாலும் நாலைந்து வருடத்தில் எடுத்துவிடலாம். அந்த வீட்டுக்காரர் யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடலாம்.

இப்போது மலைக்கு வருவோம். ஒரு தொகுப்பு வீடு. நாலு எல்இடி விளக்கு, ஒரு டிவி, ஒரு ஃபேன், செல்போன் சார்ஜர். ஃபேன்கூட வருடத்தில் பல மாதம் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு 60, 70 யூனிட் வந்தால் அதிகம். தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். குடிசை இணைப்பு என்றால் முழுவதுமே அரசு பொறுப்பு. ஆக இந்த வீட்டின் கட்டணம் பூஜ்யம். 20,000 ரூபாயாவது கைக்காசு போட்டு, பூஜ்யத்தை பூஜ்யமாக்குவதில் என்ன இருக்கிறது?

"சரி, கரண்ட் போனா ஓடுமில்ல?" என்று கேட்பீர்கள். ஓடாது. பலர் ஏமாந்துபோகும் இடம் இதுதான். இந்தத் திட்டத்தில் போடுவது வாரியக் கம்பியோடு இணைந்த, பேட்டரி இல்லாத அமைப்பு. கம்பியில் மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. நட்டநடு வெயிலில், தகடு பளபளவென்று மின்னிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் கரண்ட் இருக்காது. பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் அமைப்பு வேண்டுமென்றால் போடலாம். பேட்டரிக்கு மானியம் கிடையாது.

இன்னும் சில மறைவான செலவுகள் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ், ஓட்டுக் கூரை தகட்டின் எடையையும் மலைக்காற்றின் இழுப்பையும் தாங்காது. கீழே இரும்புச் சட்டம் வேண்டும். தொகுப்பு வீட்டின் பழைய கான்கிரீட்டில் துளை போட்டால் அடுத்த மழைக்கே ஒழுகும். தகட்டில் பாசி பிடிக்கும், அதைத் துடைக்க யாராவது மேலே ஏற வேண்டும். பட்டா தாத்தா பெயரில், இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில் என்று இருந்தால் விண்ணப்பம் நகராது. முதலில் பெயர் மாற்ற வேண்டும்.

மலையிலும் இது பொருந்தும் வீடுகள் உண்டு. ஹோம்ஸ்டே போல வெளியாட்களுக்கு அறை விடுகிறவர்கள் வீட்டு இணைப்பில்தான் இருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் மானியம் குடியிருப்பு இணைப்புக்கு மட்டும்தான். வெட்டவெளியில், தெற்குப் பார்த்த கான்கிரீட் கூரையும், இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்கு மேல் செலவும் உள்ள குடும்பம் தாராளமாகப் போடலாம். அது அவர்கள் சொந்த முடிவு. ஊரின் ஒரே கோரிக்கையாக இதை வைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

வாரியக் கம்பியே எட்டாத வீடுகளின் கதை வேறு. அங்கே பேட்டரியோடு கூடிய தனி சோலார் விளக்கும் சார்ஜரும்தான் உடனடி வழி. அந்த வீடுகளைப் பெயர் பெயராக எழுதி தர்தி ஆபாவில் கேளுங்கள். லித்தியம் பேட்டரியாகக் கேளுங்கள். ஈய பேட்டரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் உழைக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

## குடிநீர் மோட்டாரும் பொதுக் கட்டடங்களும்

ஒரு மோட்டார் ரூமுக்குள் நின்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். ஏழடிக்கு ஏழடி அறை. சுவரில் ஸ்டார்ட்டர், மேலே வோல்டேஜ் மீட்டர். மூன்று பேஸ் மோட்டாருக்கு 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் முள் 320, 330இல் தள்ளாடிக்கொண்டு நிற்கிறது. மலை ஏறி இறங்கி நெடுந்தூரம் வரும் கம்பியின் கடைசியில் இருக்கிற ஊருக்கு இப்படித்தான் வரும். அந்த வோல்டேஜில் மோட்டாரைப் போட்டால் அதன் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) எரிந்துவிடும். போடாவிட்டால் தொட்டி நிறையாது. ஆபரேட்டர் ஸ்டார்ட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து, முள் ஏறும் நேரம் பார்த்துப் போடுகிறார். சில நாள் அது நடுராத்திரி. காயில் எரிந்துவிட்டால் மோட்டாரைக் கழற்றி, ஜீப்பில் ஏற்றி, சேலத்துக்குக் கொண்டுபோய் காயில் கட்டி எடுத்துவர வேண்டும். அதுவரை பெண்கள் ஊற்றுக்கு நடக்கிறார்கள். ஜல் ஜீவன் திட்டம் 2019இல் வந்து குழாயெல்லாம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் குழாயில் தண்ணீர் வருவது இந்த முள்ளின் கையில்தான் இருக்கிறது.

சோலார் மோட்டாருக்கு பேட்டரியே வேண்டாம். வெயில் இருக்கும்போது ஏற்றுகிறது, தண்ணீர் மேல்நிலைத் தொட்டியில் நிற்கிறது. தொட்டிதான் இங்கே பேட்டரி. அது ஐந்து வருடத்தில் சாகாது. 3 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்கு 3 கிலோவாட்டுக்கு மேல் தகடு போட்டால், நல்ல நாளில் நாலைந்து மணி நேரம் ஓடும். பனி நாளில் பாதிதான் ஏறும் என்று வைத்தாலும், தொட்டி சற்றுப் பெரிதாக இருந்தால் சமாளித்துவிடலாம். அதனால் தகட்டோடு ஒரு கூடுதல் தொட்டியையும் சேர்த்துக் கேட்பது புத்திசாலித்தனம்.

பலன் யாருக்கு? குழாய்க்கு வருகிற எல்லோருக்கும். பட்டா இருக்கிறவர், இல்லாதவர், ஊராட்சிக் குழாய் எட்டுகிற லைன் வீட்டுக்காரர் என்று யாரையும் விண்ணப்பம் கேட்டு வடிகட்டுவதில்லை. நான் இதை முதலில் வைப்பதற்கு இதுதான் பெரிய காரணம். ஊராட்சிக்கும் லாபம். குடிநீர் மோட்டார், தெருவிளக்கு இரண்டின் மின்கட்டணமும் ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கிலிருந்துதான் போகிறது. வீடுகளுக்கு உள்ள இலவச 100 யூனிட் அதற்குக் கிடையாது. மிச்சமாகும் பணம் ஊருக்கே.

ஒரு நுட்பம் சொல்கிறேன், இது மிக முக்கியம். சோலார் பம்பில் இரண்டு வகை. ஒன்று, தனி டிசி (நேர்மின்) மோட்டாரும் அதற்கான கன்ட்ரோலரும் சேர்ந்தது. திறன் அதிகம். கெட்டால் அந்தக் கம்பெனி ஆள்தான் வர வேண்டும், மலைக்கு அவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. இன்னொன்று, இருக்கிற ஏசி (மாறுமின்) மோட்டாரையே, வெயிலுக்கு ஏற்ப அதன் வேகத்தை மாற்றும் விஎஃப்டி என்ற கருவி வழியாக சோலாரில் ஓட்டுவது. வெயில் இல்லாதபோது மாற்று சுவிட்சைத் திருப்பி வாரிய மின்சாரத்திலும் ஓட்டலாம். காயில் எரிந்தால் சேலத்தில் எந்தப் பட்டறையிலும் கட்டிக்கொள்ளலாம். திறனில் கொஞ்சம் குறைந்தாலும் மலை ஊருக்கு இரண்டாவதையே சொல்வேன்.

பொதுக் கட்டடங்களில் துணை சுகாதார நிலையம் முதலிடம். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். இரவில் பிரசவ வலியோடு ஒருவர் வந்தால் செவிலியர் செல்போன் வெளிச்சத்தில் நிற்கக் கூடாது. இங்கே பேட்டரி கட்டாயம் வேண்டும், 1 அல்லது 2 கிலோவாட்டோடு லித்தியம் பேட்டரி போதும். அடுத்து உண்டு உறைவிடப் பள்ளி விடுதி, அங்கன்வாடி, ரேஷன் கடை.

குறைகளும் உண்டு. எல்லோருடையதும் என்றால் யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும் ஆபத்து முதலாவது. தலைமையாசிரியர் மாற்றலாகிப் போனால் வாரண்டி கார்டு எங்கே என்று தெரியாது. தெருவிளக்கு பேட்டரி திருட்டுப் போகும். பழைய ஈய பேட்டரியைக் காயலான் கடையில் போட்டுவிடுவார்கள், அதன் அமிலம் ஏதோ ஓர் ஓடையில்தான் போய்ச் சேரும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சோலார் தகடும் அதே ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வந்துவிட்டது. வாங்கும்போதே இதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

## ஊர்ப் பொது நிலையம்

இதைப் பேசும்போது எல்லோரும் ஓடந்துறையைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி, ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006இல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. சேமிப்பு கொஞ்சம், மீதி வங்கிக் கடன். மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்து, ஊராட்சியின் தேவை போக மிச்சத்தில் வருமானம் பார்த்தது. ஊருக்குச் சொந்தமான ஆற்றல் என்றால் என்ன என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆனால் அங்கே என்னென்ன இருந்தன என்று பாருங்கள். கடன் வாங்கிக் கட்டும் தெம்புள்ள ஊராட்சி. பல வருடம் நீடித்த ஒரு தலைமை. சேலம் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. 25 வருடம் உழைக்கிற சொத்துக்குக் கையெழுத்துப் போட ஆள் யார் என்ற கேள்வி சாதாரணமானதில்லை.

நிலம் அடுத்த சிக்கல். 50 கிலோவாட்டுக்குக் கால் ஏக்கர், நிழலே விழாத இடமாக வேண்டும். மலையில் அப்படி இடம் என்றால் பெரும்பாலும் எஸ்டேட் நிலம், இல்லையென்றால் வனத்துறை நிலம். 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில் பள்ளி, அங்கன்வாடி, குடிநீர் வரிசையில் மரபுசாரா எரிசக்திக்கும் வன நிலம் தர வழி வைத்திருக்கிறார்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரையோடு. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே நிறைய ஊர்களுக்குத் தெரியாது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சோலாருக்காக மரம் வெட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பாக்சைட்டுக்காக இந்த மலையைத் தோண்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பியதைப் பார்த்த ஊர்கள் இவை. கீழே மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல் மின்நிலையம் நிலக்கரி எரிக்கிறது. அதன் சாம்பலோடும் கரித்தூளோடும் பக்கத்து மக்கள் வாழ்கிறார்கள். ஊருக்கு மின்சாரம், மலைக்கும் மலையடிவாரத்துக்கும் குழியும் தூசியும் என்ற பழைய கணக்கைத் தூய ஆற்றலின் பெயரில் மறுபடி தொடங்கக் கூடாது.

பேட்டரியோடு கூடிய தனிக் கட்டமைப்பாக வைக்கலாம் என்றால், பீகாரின் தர்னை கிராமத்தைப் பார்க்க வேண்டும். 2014இல் 100 கிலோவாட் சிற்றமைப்பு, நாடே கொண்டாடியது. பின்னால் மானிய விலையில் வாரிய மின்சாரம் வந்தது, மக்கள் அதற்கு மாறினார்கள், பேட்டரிகள் ஓய்ந்தன, நிலையம் படுத்துவிட்டது. 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில் எந்தத் தனிக் கட்டமைப்புக்கும் இதே கதிதான் நேரும்.

மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சோலார் கிராமம் என்று ஒரு கோடி ரூபாய் பரிசும் அறிவித்திருக்கிறார்கள். மக்கள்தொகை 5,000க்கு மேல் உள்ள ஊர்களுக்குத்தான் போட்டியே. நூறு, இருநூறு குடும்பங்கள் உள்ள மலைச் சிற்றூர் அதில் நிற்கவே முடியாது. சமவெளியில், கான்கிரீட் கூரைகள் நிறைந்த பெரிய ஊராட்சிகள் முயலலாம்.

## தோட்டத்து சோலார் பம்ப்

முதலில் சொன்ன மூன்றில் சேராத நாலாவது வழி இது, சுருக்கமாகவே சொல்லலாம். 2019இல் வந்த பிஎம் குசும் திட்டத்தில் மத்திய அரசு 30, மாநில அரசு 30 என்று 60 சதவீத மானியம். ஆதிதிராவிடர், பழங்குடி சிறு குறு விவசாயிகளுக்குக் கூடுதலாகவும் உண்டு. வேளாண் பொறியியல் துறையில் கேட்க வேண்டும். கிணறும் பட்டாவும் உள்ளவர்களுக்கு, கம்பி வராத தோட்டத்துக்கு, டீசல் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு மிக நல்லது. மிளகுக்கும் காய்கறிக்கும் கோடையில் தண்ணீர் விட முடியும். ஆனால் நாளெல்லாம் காசில்லாமல் ஓடும் மோட்டார் மேலே உறிஞ்சினால், கீழே உள்ள ஊற்று வற்றும். ஊருக்குக் குடிதண்ணீர் தருவது அந்த ஊற்று என்றால் முதலில் ஊரைக் கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

| | வீட்டுக் கூரை | குடிநீர் மோட்டார், பொதுக் கட்டடம் | ஊர்ப் பொது நிலையம் | தோட்டத்து பம்ப் |
|---|---|---|---|---|
| பலன் யாருக்கு | சொந்த வீடும் கட்டணமும் உள்ளவருக்கு | குழாய்க்கும் கட்டடத்துக்கும் வரும் எல்லோருக்கும் | ஊராட்சிக்கு, அதன் வழியாக ஊருக்கு | கிணறு, பட்டா உள்ளவருக்கு |
| கைக்காசு | மானியம் போக மீதி முழுவதும் | குடும்பத்துக்கு இல்லை | ஊராட்சிப் பங்கு அல்லது கடன் | ஏறக்குறைய 40 சதவீதம், சிலருக்குக் குறைவு |
| கரண்ட் போனால் | நின்றுவிடும் | மோட்டார் வெயிலில் ஓடும், பேட்டரி உள்ள கட்டடம் ஓடும் | பேட்டரி இல்லையென்றால் நின்றுவிடும் | வெயிலில் ஓடும் |
| மறைவான செலவு | கூரை பலப்படுத்துதல், பெயர் மாற்றம் | பேட்டரி, பராமரிப்பு ஆள் | நிலம், கம்பி இணைப்பு, நிர்வாகம் | ஊற்று வற்றுதல் |
| பனி, நிழல் | உற்பத்தி குறையும், இருட்டாகாது | பெரிய தொட்டியால் சமாளிக்கலாம் | வருமானத்தில் நேரடி அடி | அந்த மாதங்களில் தேவையும் குறைவு |

## எந்த ஊருக்கு எது

குடிநீர் மோட்டார் மாதம் ஒருமுறையாவது படுத்துவிடுகிற ஊர் என்றால் வேறு யோசனையே வேண்டாம், மோட்டார் சோலார். தண்ணீர் மேட்டு ஊற்றிலிருந்து தானாக இறங்கி வருகிற ஊர் என்றால், சுகாதார நிலையமும் பள்ளி விடுதியும் முதலில். ஐந்தாறு வீடுகள் கம்பி இல்லாமல் தனியாக நிற்கின்றன என்றால் அந்த வீடுகள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால்.

மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது, வீடுகளில் வோல்டேஜ்தான் பிரச்சினை, ஊரில் எல்லோருக்கும் கம்பி இருக்கிறது என்றால் சோலாரை விட்டுவிட்டுக் கூடுதல் டிரான்ஸ்ஃபார்மர் கேட்பதே சரியாக இருக்கலாம். சோலார் என்ற பெயர் இருந்தால்தான் நிதி கிடைக்கும் என்று நினைத்து, வேண்டாததை வாங்கி வைக்காதீர்கள்.

சேலம் நகரத்துக்குள் கணக்கு மாறும். அம்மாபேட்டை, குகைப் பக்கம் நெசவாளர் குடும்பங்களுக்கு 2023 முதல் கைத்தறிக்கு 300, விசைத்தறிக்கு 1,000 யூனிட் வரை இரண்டு மாதத்துக்கு இலவசம். அந்த அளவுக்குள் ஓட்டுகிறவர்கள் கூரை சோலாருக்கு அவசரப்பட வேண்டாம். அதைத் தாண்டுகிறவர்கள் மட்டும், தாண்டுகிற யூனிட்டுக்கு என்ன கட்டுகிறோம் என்று பார்த்துக் கணக்குப் போடட்டும்.

## கிராம சபையில் என்ன எழுதுவது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத்தில் இந்த ஆறு நாளும் கிராம சபை உண்டு. "சோலார் வேண்டும்" என்று ஒரு வரியில் தீர்மானம் எழுதினால் எங்கோ நாலு தெருவிளக்கு வந்து நிற்கும், அதோடு முடிந்துவிடும். இப்படி எழுதுங்கள்: எந்த மோட்டார், எத்தனை குதிரைத்திறன், எந்தத் தொட்டிக்கு ஏற்றுகிறது, எத்தனை குடும்பம் குடிக்கிறது, கடந்த வருடம் எத்தனை முறை காயில் கட்டினார்கள், அதற்கு எவ்வளவு செலவு. அந்த ரசீதுகள் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும், நகல் எடுத்து இணையுங்கள். விஎஃப்டி வகை வேண்டும், வாரிய மின்சாரத்துக்கு மாற்றும் சுவிட்ச் வேண்டும், ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும் என்பதையும் தீர்மானத்திலேயே சேருங்கள்.

பராமரிப்புக்கு ஊரில் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறியுங்கள். ஐடிஐ எலக்ட்ரீஷியன் படித்த பெண்ணோ பையனோ ஊரில் இருந்தால் அவரையே பயிற்சிக்கு அனுப்பச் சொல்லலாம். மின்கட்டணத்தில் மிச்சமாவதிலிருந்து மாதம் இவ்வளவு என்று தனிக் கணக்கில் போட்டு வைக்கவும் தீர்மானம் போடுங்கள், பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் அதுதான் காசு.

தீர்மானத்தின் நகலை அன்றைக்கே கேட்டு வாங்கி, ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒன்றைப் பழங்குடியினர் நலத் திட்ட அலுவலருக்கும் கொடுத்து, இரண்டிலும் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகும்போது அந்த ஒப்புகையும் கையில் இருக்க வேண்டும்.